சூலூர் ஒரு கப்பலாக இருந்தபோது

"இன்னிக்கு எனக்குக் கரைங்கய்யா. ராத்திரிக்குள்ள கப்பலுக்குத் திரும்பிரணும்."

1962ஆம் வருஷம். சூலூருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த நேவிக்காரர் இப்படிச் சொன்னார். அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கவலை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாரு எருதுகளை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"எந்தக் கரைங்க தம்பி? கொளத்துக் கரைங்களா?"

எங்களுக்குக் கரை என்றால் சூலூர்ப் பெரிய குளத்துக் கரைதான். நொய்யலில் தண்ணீர் வந்து குளம் நிரம்பும் வருஷங்களில் ஊரே அந்தக் கரையில் நிற்கும். அதைவிடப் பெரிய தண்ணீரை அப்பாரு தம் ஆயுளில் ஒரே ஒரு தடவை, ராமேஸ்வரத்தில் பார்த்திருந்தார்.

நேவிக்காரர் பொறுமையாக விளக்கினார். கப்பற்படையில் தரையில் கட்டிய முகாமும் கப்பல்தான். அதற்கும் கப்பலுக்கு வைப்பதுபோல் பேர் வைப்பார்கள், கொடி ஏற்றுவார்கள். வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்தால் கரைக்கு வந்ததாகக் கணக்கு. சூலூர் முகாமின் பேர் ஐ.என்.எஸ். ஹன்சா. ஹன்சா என்றால் அன்னப்பறவை.

"அப்பொ நாம நிக்கறது கரை. அந்தக் கம்பி வேலிக்கு அந்தாண்டை கப்பலு. அப்படித்தானுங்?"

"அப்படித்தான்யா."

அன்றிலிருந்து அப்பாரு சாகும்வரை அந்த முகாமைக் கப்பல் என்றே சொன்னார். "கப்பலுக்குப் பக்கத்துக் காட்டுல சோளம் வெதைச்சிருக்குது" என்பார். "கப்பலோரமா மாட்டை ஓட்டீட்டுப் போ கண்ணு" என்பார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கப்பற்படையின் புத்தகங்களிலும் அது கப்பல்தான்.

இன்று சூலூர் என்றால் விமானப்படை. திருச்சி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும், தேஜஸ் பறக்கிற ஊர் என்று. ஆனால் கடலில் மிதக்கும் கப்பலிலிருந்து எழுந்து போய்த் தாக்கும் இந்தியாவின் முதல் போர் விமானப் படைப்பிரிவுக்கு, இந்திய மண்ணில் முதல் கூடு எங்கள் பருத்திக்காட்டு ஓரத்தில்தான் இருந்தது என்பதை நான் சொன்னால், பேரப்பிள்ளைகள் அலைபேசியை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். பார்க்கட்டும். அங்கேயும் அது ஒரு வரியில்தான் இருக்கிறது: முதலில் சூலூரில் இருந்தது, பிறகு கோவாவுக்கு மாறியது. அந்த ஒரு வரிக்குள் என் பாலிய காலம் முழுவதும் கிடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடலோரம் இல்லாத ஊருக்குக் கப்பற்படை வந்ததற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கின. ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அருகே கடலில் மூழ்கடித்தன. கரையோரம் எதுவும் பத்திரம் இல்லை என்றாகிவிட்ட அந்த வருஷமே, பீளமேட்டில் பிரிட்டிஷ் கப்பற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறையைத் திறந்தது. அதற்குப் பேர் கருடா. 1945இல் சூலூர் ஓடுதளமும் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு வைத்த பேர் வைரி. ஆம், வல்லூறுக்கு இனமான நம் வைரிதான். தாம்பரத்தில் இருந்த தளத்துக்கு வல்லூறு என்றும், கொச்சியில் இருந்ததற்குக் கழுகு என்றும் பேர். இங்கிலாந்து ராஜாவின் கப்பற்படைப் பட்டியலில், ஆங்கில எழுத்தில், இந்தத் தமிழ்ப் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யார் அந்தப் பேர்களைச் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களுக்கு என் நன்றி.

1946இல் வைரி மூடப்பட்டது. கருடா என்ற பேரைப் பிற்பாடு நம் கப்பற்படை கொச்சியிலுள்ள தன் விமானத்தளத்துக்கு வைத்துக்கொண்டது. இன்றும் அங்கே அதே பேர். வைரியை மட்டும் யாரும் திரும்ப எடுக்கவில்லை.

1950களின் கடைசியில் சூலூரில் மறுபடி கப்பற்படைக்காரர்கள் நடமாடத் தொடங்கினார்கள். ஜெட் விமானம் ஓட்டப் பழக வந்தவர்கள். முதலில் வந்தது வேம்பயர். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பயிற்சி விமானம், பின்னால் இரட்டை வால். அதன் மூக்கும் ஓட்டுகிறவர் உட்காரும் கூண்டும் மரப்பலகையால் ஆனவை என்று நேவிக்காரர் சொன்னபோது, எங்கள் ஊர் ஆசாரி கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டார். "பலகையிலீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். ஒட்டுப்பலகையும் பால்சா என்ற இலேசான மரமும் சேர்த்து ஒட்டியது. அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த பெருமையை நான் மறக்கவில்லை. உலகத்தில் எங்கோ ஒரு தச்சன் ஆகாயத்தில் பறக்கிற வேலை செய்திருக்கிறான் என்ற பெருமை அது.

1961 செப்டம்பர் 5ஆம் தேதி முகாம் ஹன்சா என்ற பேரில் முறையாகத் தொடங்கப்பட்டது. அந்த வருஷக் கடைசியில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் வானத்துக்கு சீ ஹாக் வந்தது.

சீ ஹாக்கை நான் எப்படிச் சொல்வேன்? ஒல்லியான, வழவழப்பான உடம்பு. ஒரே இஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் நீன். ஆனால் புகை வால் வழியாக வெளியே வராது. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பிரிந்து வரும். மூக்குக்கு அடியில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு. கப்பலில் இடம் அடைக்காமல் இருக்க இறக்கைகளை மேல்நோக்கி மடக்கிக்கொள்ளும். கம்பி வேலியின் இந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் சாக்கில் நின்று, முதல் தடவை அது இறக்கையை மடக்கியதைப் பார்த்தோம். முட்டைக்கு உட்காரப்போகும் கோழி மாதிரி இருக்கிறது என்று என் தங்கை சொன்னாள். சீ ஹாக் என்றால் கடல் வல்லூறு. வைரி என்று பேர் வைத்த மண்ணில் பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு வல்லூறு வந்து இறங்கியிருக்கிறது என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

அதன் உடம்பில் பாயும் வெள்ளைப் புலி ஒன்றை வரைந்திருப்பார்கள். அதுதான் படைப்பிரிவின் சின்னம். 300ஆம் கடற்படை விமானப் பிரிவு, வெள்ளைப் புலிகள். 1960 ஜூலையில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள பிராடி தளத்தில் தொடங்கப்பட்டது. அவர்கள் அங்கே பழகிக்கொண்டிருந்தபோது அவர்களுக்கான கப்பல் பெல்பாஸ்டில் தயாராகிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் ஹெர்குலிஸ் என்ற பேரில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் விட்ட கப்பல் அது. 1957இல் இந்தியா அதை வாங்கி, சாய்வான இறங்குதளம், நீராவியால் விமானத்தைக் கவண் போல உந்திவிடும் கருவி, இறங்க வழிகாட்டும் கண்ணாடி எல்லாம் பொருத்தச் செய்தது. 1961 மார்ச் 4இல் விக்ராந்த் என்ற பேரோடு சேவையில் சேர்ந்தது. அந்த மே 18ஆம் தேதி முதல் ஜெட் அதன் தளத்தில் இறங்கியது. ஓட்டியவர் லெப்டினன்ட் ராம் தஹிலியானி. பின்னாளில் கப்பற்படைத் தலைமைத் தளபதியானார்.

விக்ராந்தின் மொத்த நீளம் 213 மீட்டர். எங்கள் தோட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அதைவிட நீளம். நேவிக்காரர் சாளைத் திண்ணையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இந்தக் கோட்டிலும் ஒரு பங்குதான் இறங்குவதற்கு. குறுக்கே இரும்புக் கம்பிவடங்கள் கிடக்கும். விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி தொங்கும். கொக்கி ஒரு வடத்தில் மாட்ட வேண்டும். மாட்டவில்லை என்றால் அதே வேகத்தில் மறுபடி எழும்ப வேண்டும். அதனால் சக்கரம் தளத்தைத் தொட்டவுடன் இஞ்சினைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். கப்பல் முன்னால் போய்க்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கும். தளத்தின் ஓரத்திலுள்ள கண்ணாடியில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். அது பச்சை விளக்குகளின் வரிசைக்கு நேராக நின்றால் சரியான உயரம், மேலே போனால் நீயும் மேலே, கீழே போனால் நீயும் கீழே.

"பொட்டு கீழ எறங்கிட்டா?" என்று கேட்டேன்.

"எறங்க விடக்கூடாதுல தம்பி. அதுக்குத்தான இங்க கெடந்து பழகுதோம்."

கப்பலில் இறங்குவதற்கு முன் தரையில் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்து வரும், ஓடுதளத்தைத் தொடும், உடனே எழும், மறுபடி வட்டம். முதல் வாரம் எருதுகள் காதை விறைத்துக்கொண்டு நின்றன. பிறகு அவையும் பழகிவிட்டன. அப்பத்தா மட்டும் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்து, "எந்தாயி பெத்த புள்ளையோ, நல்லபடியா எறங்கோணும்" என்பாள். அவள் வேண்டியது சரிதான். கப்பலில் விமானம் இறக்கும் தொழிலில் அமைதிக் காலம் என்று ஒன்று கிடையாது. சண்டை இல்லாத நாளிலும் ஒவ்வோர் இறக்கமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை.

இன்னொன்றும் அந்தத் தூத்துக்குடிக்காரரிடம்தான் தெரிந்துகொண்டேன். சூலூரிலிருந்து மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராகப் போனால், பொன்னானிப் பக்கம் கடல் சுமார் 135 கிலோமீட்டர். சீ ஹாக்குக்குப் பத்து நிமிஷம். எங்களுக்கு ஆடி மாதம் முழுக்கக் காற்று அடிப்பது அந்தக் கணவாய் வழியாகத்தான். "அய்யா, உங்க ஊருக் காத்துல கடல் வாசம் இருக்குய்யா" என்று அவர் ஒரு நாள் சொன்னார். கடற்கரையில் பிறந்தவர் சொன்னால் இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஆடிக் காற்று வரும்போதெல்லாம் நான் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். இப்போதும்.

1961 டிசம்பரில் கோவாவைப் போர்ச்சுகீசியரிடமிருந்து மீட்ட நடவடிக்கையில், விக்ராந்த் மேற்குக் கடலில் காவல் நின்றது. அந்த மீட்பில் கிடைத்த டபோலிம் விமானத்தளத்தைக் கப்பற்படை 1962இல் எடுத்துக்கொண்டது. கடலின் மேலேயே உட்கார்ந்திருக்கும் தளம் அது. கப்பல் விமானத்துக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. 1964 ஜூனில் ஹன்சா சூலூரை விட்டு அங்கே போனது. போனது நியாயம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினொரு வயதுப் பையனுக்கு நியாயம் எல்லாம் புரியாது. பள்ளிக்கூடம் விட்டு வேலியோரம் வந்து நின்றால் வானம் வெறுமனே இருந்தது. தூத்துக்குடிக்காரர் கடைசியாக வந்தபோது அப்பாரு ஒரு கூடை நிலக்கடலை கொடுத்தனுப்பினார். "கப்பல் கெளம்பீருச்சு" என்று அன்று ராத்திரி சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, நான் பீளமேட்டில் ஒரு பம்புசெட் பட்டறையில் கடைசல் வேலை பழகிக்கொண்டிருந்தேன். டீக்கடை ரேடியோவில் விக்ராந்த் பேர் வந்தது. டிசம்பர் 4ஆம் தேதி காலை, வங்காள விரிகுடாவில், காக்ஸ் பஜாருக்கு அறுபது கடல் மைல் தள்ளி நின்ற கப்பலிலிருந்து சீ ஹாக்குகள் கிளம்பி அந்த ஊர் விமானத்தளத்தைத் தாக்கின. அடுத்தது சிட்டகாங். பிறகு கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகம் ஒன்றுக்கும் நிம்மதி இல்லை.

அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த கஷ்டம் எனக்குப் பல வருஷம் கழித்தே தெரியவந்தது. விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். கப்பலால் முழு வேகத்தில் போக முடியாது. விமானம் எழும்புவதற்குக் கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டும், அந்தக் கடலிலோ காற்றும் குறைவு. அந்தக் கப்பலை மேற்கே பாகிஸ்தானின் விமானங்களுக்கு முன்னால் நிறுத்த வேண்டாம் என்று கிழக்கே அனுப்பினார்கள். அதை அந்தமானில் ஒளித்து வைத்துவிட்டு, விசாகப்பட்டினத்திலேயே இருப்பதுபோல் எதிரியை நம்பவைத்தவர் கிழக்குக் கடற்படைத் தளபதி என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் கடலடியில் போய்க் கிடந்தது. வெள்ளைப் புலிகளுக்குத் தலைமை தாங்கிய சந்தோஷ் குமார் குப்தாவுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. எதிரியின் சூட்டுக்கு ஒரு சீ ஹாக்கூடப் பலியாகவில்லை. அப்பத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்திருந்தால் இந்தச் சேதியை அவளிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

அதே மாதம், ஸ்ரீநகரில் எழும்பித் தனியாகப் பல எதிரி விமானங்களோடு மோதி உயிர் விட்டார் நிர்மல் ஜித் சிங் செகான். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. அவர் இருந்தது 18ஆம் பிரிவு. 2020 மே 27இல் அந்த 18ஆம் பிரிவு தேஜஸ் விமானங்களோடு சூலூரில் மறுபடி உயிர் பெற்றது. அதற்கு இரண்டு வருஷம் முந்தியே 45ஆம் பிரிவு வந்துவிட்டது. 1971இன் இரண்டு பெரிய பேர்கள், ஒன்று எங்கள் ஊரிலிருந்து போனது, ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது.

வெள்ளைப் புலிகள் பிறகு விமானங்களை மாற்றிக்கொண்டே வந்தார்கள். மேற்கு ஜெர்மனியிடம் வாங்கிய பழைய சீ ஹாக்குகளும் சேர்ந்து 1980கள் தொடங்கும்வரை ஓடின. 1983 டிசம்பரில் சீ ஹாரியர் வந்தது. நின்ற இடத்தில் செங்குத்தாக இறங்கக்கூடியது அது. கொக்கி வேண்டாம், வடம் வேண்டாம், கண்ணாடிப் பொட்டும் வேண்டாம். அப்போது பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அருண் பிரகாஷ், அவரும் பின்னாளில் தலைமைத் தளபதி ஆனார். 2016 மே மாதம் சீ ஹாரியரும் ஓய்வு பெற்று, மிக்-29கே வந்தது. அதற்கு மறுபடி கொக்கி, மறுபடி கம்பிவடம். தூத்துக்குடிக்காரர் திண்ணையில் போட்ட கோட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

2014இல் மகள் குடும்பத்தோடு கோவா போனபோது, பிள்ளைகளைக் கடற்கரையில் விட்டுவிட்டு நான் மட்டும் போக்மாலோவிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். திறந்த வெளியில், வெயிலில், ஒரு சீ ஹாக் நின்றது. இவ்வளவு சிறியதா? என் நினைவில் அது எங்கள் சாளையைவிடப் பெரியது. நான் எட்டித் தொடும் உயரத்தில் மூக்கு. உலோகம் சுட்டது. ஐம்பது வருஷம் வேலிக்கு வெளியே நின்றவன் முதல் தடவை தொட்டேன். காவலுக்கு நின்ற இளைஞர் தொடக் கூடாது என்று சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹிந்தியில் என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சூலூர், கோயம்புத்தூர் என்று மட்டும் சொன்னேன். அவர் சூலூரா, தேஜஸா என்றார். இல்லையப்பா, இது என்று விமானத்தைக் காட்டினேன்.

கோவை ரெட்ஃபீல்ட்ஸில் ஐ.என்.எஸ். அக்ரணி என்று கடற்படையின் தலைமைப் பண்புப் பயிற்சி நிலையம் இன்றும் இருக்கிறது. கொங்குநாட்டில் மிச்சமிருக்கும் கப்பல் அது. அந்த வாசலைத் தாண்டும்போது வெள்ளைச் சீருடையில் யாராவது வெளியே வந்தால், கரைக்கு வருகிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சூலூரில், ஓடுதளத்தைப் பார்த்தாற்போல் ஒரு கல் நட்டு, வைரி, ஹன்சா, வெள்ளைப் புலிகள் என்று மூன்று பேர்களையும் பொறித்து வைத்தால் என்ன? நம் ஊரில் கிணறு வெட்டியவர் பேரைக்கூடக் கல்லில் பொறிப்பது வழக்கம்தானே.

2024 ஆகஸ்டில் சூலூரில் தரங் சக்தி என்ற பன்னாட்டு விமானப் பயிற்சி நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் எல்லாம் வந்தன. வேலியோரம் நூற்றுக்கணக்கான பையன்கள், கையில் நீளமான கேமராக்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவனிடம் தேஜஸுக்குக் கடற்படை வடிவம் ஒன்று உண்டா என்று கேட்டேன். "இருக்குதுங் தாத்தா. 2020 ஜனவரியில விக்ரமாதித்யாவுல எறங்குச்சு. 2023ல புது விக்ராந்த்துல. வாலுக்கு அடியில கொக்கி இருக்கும்" என்றான். கொக்கி என்ற சொல்லை அவன் அப்படியே சொன்னது எனக்கு இனித்தது. கொக்கி எதற்கு என்று கேட்டேன். திண்ணையில் நேவிக்காரர் சொன்ன அத்தனையையும், ஒன்றும் விடாமல், எனக்குச் சொல்லிக்கொடுத்தான். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

பழைய விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. மும்பையில் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாக நின்று, கடைசியில் 2014இல் உடைக்கப்பட்டது. அந்த உலோகத்தில் ஒரு பகுதியை பஜாஜ் கம்பெனி வாங்கி, 2016இல் வி என்ற மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் சேர்த்தது. என் தங்கை மகன் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். வண்டி நின்றதும் டேங்கின் மேல் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது, போக்மாலோவில் சுட்டது போலவே.

"கப்பல் வந்துருச்சு" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து, வேலியோரமாகவே ஓட்டச் சொன்னேன்.